வண்டியை நீ பார்த்தாய், வண்டிக்காரர் உன்னைப் பார்த்தாரா?

நடந்து போகிறவர் மீது கார் மோதினால், முன்பம்பர் பெரும்பாலும் முழங்காலிலோ அதற்குச் சற்றுக் கீழேயோதான் இடிக்கும். எலும்பு முறிவுப் பிரிவில் இருப்பவர்களுக்கு அந்த எக்ஸ்ரே பழகிப்போன ஒன்று. எப்படி நடந்தது என்று பதின்வயதுப் பிள்ளைகளைக் கேட்டால் அடிக்கடி வரும் பதில்: "பார்த்து நிறுத்திடுவார்னு நினைச்சேன் டாக்டர்."

இவர்கள் விதி தெரியாதவர்கள் அல்ல. இருபுறமும் பார், ஜீப்ரா கோட்டில் கட என்பதெல்லாம் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்தாயிற்று. பத்துப் பன்னிரண்டு வயதில் கையை விட்டபோது, கற்றுக்கொடுப்பதையும் சேர்த்து விட்டுவிட்டோம். தனியாகப் போவது, இருட்டிய பிறகு திரும்புவது, போன், நண்பர்கள் எல்லாம் வந்து சேர்வதோ அதற்குப் பிறகுதான். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதல் காரணம் சாலை விபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பெற்றோருக்கு நான் சொல்வது ஒரு சின்னப் பயிற்சி. பிள்ளையோடு நடைபாதையில் நில்லுங்கள். கடக்க வேண்டாம். கடக்கலாம் என்று தோன்றும் நேரத்தில் பிள்ளை "இப்ப" என்று சொல்லட்டும். நீங்கள் நொடிகளை எண்ணுங்கள். 7 மீட்டர் அகலச் சாலையைச் சாதாரண நடையில் கடக்க ஏறக்குறைய 6 நொடி ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அதே 6 நொடியில் 100 மீட்டர் வந்துவிடும். நான்கு எண்ணுவதற்குள் வண்டி சர்ரென்று தாண்டிப் போனால், பிள்ளை தானாகவே அடுத்த முறை பொறுத்துச் சொல்லும். ஓட்டுநர் பார்த்துப் பிரேக் அடித்தாலும், அந்த வேகத்தில் வண்டி நிற்க, காய்ந்த சாலையிலேயே 35, 40 மீட்டர் ஆகும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

இரவில் நிலைமை இன்னும் மோசம். ஹெட்லைட் நம் கண்ணுக்குத் தூரத்திலேயே தெரிவதால், ஓட்டுநருக்கும் நம்மைத் தெரியும் என்று மனம் நம்பிவிடுகிறது. கறுப்புச் சட்டைக்காரர் அவர் கண்ணில் படுவது மிக அருகில் வந்த பிறகுதான். கணுக்காலில் ஓர் ஒளிரும் பட்டை கட்டினால், அது நடையோடு சேர்ந்து அசைவதால் சட்டென்று தெரியும். (பிள்ளைகள் அதை அழகில்லை என்பார்கள். பையில் ஒட்டுவதற்காவது சம்மதிக்கவையுங்கள்.) பகலிலும், நின்றிருக்கும் பஸ்ஸுக்கு முன்னால் கடக்கக் கூடாது. ஒரு வண்டி நமக்காக நின்றாலும், பக்கத்து லேனில் வருபவர் நிற்பார் என்று எண்ணக் கூடாது; நின்ற வண்டியே நம்மை மறைத்திருக்கும்.

போனைப் பற்றி நீண்ட உபதேசம் பலிக்காது. கடக்கும்போது போன் பைக்குள், இயர்போன் காதை விட்டு வெளியே. அவ்வளவுதான். ஆனால் நீங்களும் அப்படிச் செய்ய வேண்டும். கூட்டமாகப் போகும்போதுதான் எனக்குப் பயம். முதல் ஆள் மட்டும் சாலையைப் பார்ப்பான், மற்றவர்கள் அவன் முதுகைப் பார்த்தே நடப்பார்கள். அவன் கடந்து முடித்திருப்பான், கடைசி ஆளுக்கு அந்த இடைவெளி இருக்காது.

வேகமாக ஓட்டுபவர்களையும், நடைபாதையே இல்லாத சாலைகளையும் விட்டுவிட்டுப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அவையெல்லாம் திருந்தும்வரை அவர்கள் அதே சாலையில்தான் நடக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஒருநாள் பள்ளிக்குப் போகும் வழியில் பிள்ளையை முன்னே விட்டு, நீங்கள் பின்னால் நடந்து பாருங்கள். எங்கே, எப்போது கடப்பது என்று அவரே முடிவு செய்யட்டும். ஆபத்து என்றால் மட்டும் தடுங்கள்; மற்றதை வீட்டுக்கு வந்து பேசிக்கொள்ளலாம்.