எக்கோ மாட்யூலுக்குள் ஓடும் கடிகாரம்

சிந்தசைசருக்கு முதன்முதலாக ஒரு எஃபெக்ட் மாட்யூல் (ஒலியை மாற்றித் தரும் தனி அலகு) கட்டப்போகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது பிடி2399 சிப்பைத்தான். தைவானின் பிரின்ஸ்டன் டெக்னாலஜி நிறுவனத்தின் தயாரிப்பு. கரோக்கே கருவிகளில் எக்கோ தருவதற்காக வந்தது. 16 கால்கள், 5 வோல்ட் மின்சாரம், சுற்றிலும் கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர். சாலிடர் இல்லாமல் பாகங்களைச் செருகும் பிரெட்போர்டிலேயே கட்டிப் பார்த்துவிடலாம்.

சிப்புக்குள் 44 கிலோபிட் நினைவகம் இருக்கிறது. அதாவது சுமார் 45,000 பிட். எக்கோவின் இடைவெளியைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்த அளவு மாறாது. மாறுவது, பிட்களை நகர்த்தும் துடிப்பான கடிகாரத்தின் வேகம் மட்டுமே. உள்ளே வரும் ஒலியலை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது ஒற்றை பிட்களாக எழுதப்படுகிறது. அவை நினைவகத்தை ஒரு சுற்று சுற்றி வந்ததும் படிக்கப்பட்டு மறுபடி ஒலியாகின்றன. ஓடுதளத்தின் நீளம் ஒன்றுதான். மெதுவாக ஓடினால் திரும்பிவர நேரமாகிறது.

கடிகார வேகத்தைத் தீர்மானிப்பது 6ஆவது காலில் உள்ள ரெசிஸ்டர்; டிலே குமிழ் மாற்றுவது இதைத்தான். 27.6 கிலோஓம் வைத்தால் டிலே, அதாவது எக்கோவின் இடைவெளி, ஏறக்குறைய 342 மில்லிவிநாடி. அந்த நேரத்துக்குள் 45,000 பிட் என்றால், விநாடிக்குச் சுமார் 1,30,000 பிட்தான் கிடைக்கும். டிலேயை 31 மில்லிவிநாடிக்கு இறக்கினால் அதே கணக்கு 14 லட்சத்தைத் தாண்டிவிடும். நீண்ட எக்கோ கரகரப்பாகவும் குறுகிய எக்கோ தெளிவாகவும் கேட்பதற்குக் காரணம் இதுதான். அந்தக் கரகரப்பைக் குறை என்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் இந்தச் சிப்பின் குரல்.

ஒலி சுற்றிக்கொண்டிருக்கும்போதே டிலே குமிழைத் திருப்பிப் பாருங்கள். எழுதிய வேகம் ஒன்று, படிக்கும் வேகம் இன்னொன்று ஆகிவிடுவதால் சுருதி வழுக்கும். டிலே குறையும்போது கடிகாரம் வேகமெடுத்து சுருதி ஏறும், கூடும்போது இறங்கும். வாசிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடையாது.

வெளியே வரும் ஒலியில் ஒரு பங்கை மறுபடி உள்ளே அனுப்புவது ஃபீட்பேக். ஒவ்வொரு சுற்றிலும் ஒலியளவு குறைந்தால் எக்கோ மெல்ல அடங்கும். குறையாமல் கூடினால் மாட்யூல் தானாகவே பாட ஆரம்பித்துவிடும். கடிகார இரைச்சலை நீக்கும் லோ-பாஸ் ஃபில்டர் வழியாகவே ஒவ்வொரு சுற்றும் போவதால், மேல் அதிர்வெண்கள் தேய்ந்து, பின்னால் வரும் எக்கோக்கள் மங்கலாகும்.

மாட்யூல்களைச் சட்டத்தில் வரிசையாகப் பொருத்தும் சிந்தசைசர் வடிவமான யூரோரேக்கில் பொருத்துவதானால் 12 வோல்ட்டை 78எல்05 ரெகுலேட்டர் கொண்டு 5 ஆக்குங்கள். அங்கே ஆடியோ சிக்னலே உச்சத்துக்கு உச்சம் 10 வோல்ட் வரை ஆடும். அதைக் கால் பங்காகக் குறைத்து உள்ளே விட்டு, வெளியே ஆப்-ஆம்ப் வைத்துப் பெருக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்றை மறக்கவே கூடாது. சிப்புக்கு மின்சாரம் வரும் நொடியில் 6ஆவது காலின் ரெசிஸ்டர் மிகக் குறைவாக இருந்தால் சிப் உறைந்துபோய் எக்கோவே வராது. குமிழோடு 2 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேர்த்துவிடுங்கள். டிலே 50 மில்லிவிநாடிக்குக் கீழே இறங்காதுதான்; ஆனால் ஒவ்வொரு முறையும் நம்பி ஆன் செய்யலாம்.