பத்து ஆட்டம், பதினைந்து புள்ளி: தடுமாறும் ஹாக்கி வீரரை ஒரு பரிமாற்றம் எப்படி மீட்கிறது?

2021 ஏப்ரல் 12 அன்று கனடாவின் கால்கரி ஃபிளேம்ஸ் அணி, சாம் பென்னட் என்ற 24 வயது வீரரை அமெரிக்காவின் ஃபுளோரிடா பாந்தர்ஸ் அணிக்கு விட்டுக்கொடுத்தது. பதிலுக்குக் கிடைத்தவை இன்னும் பெயர் எடுக்காத ஓர் இளம் வீரரும், அடுத்த ஆண்டுப் புதுமுகத் தேர்வில் இரண்டாம் சுற்று வாய்ப்பு ஒன்றும்தான். புதுமுகத் தேர்வு என்பது அணிகள் முறைவைத்து, சுற்றுச் சுற்றாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு. அந்தப் பருவத்தில் கால்கரிக்காக 38 ஆட்டங்கள் ஆடிய பென்னட் 12 புள்ளிகள் எடுத்திருந்தார். ஃபுளோரிடாவுக்கு வந்த பிறகு அதே பருவத்தில் ஆடிய 10 ஆட்டங்களில் 15 புள்ளிகள் எடுத்தார். ஐஸ் ஹாக்கியில் ஒருவர் அடிக்கும் கோலுக்கு ஒரு புள்ளி. சக வீரர் கோல் அடிக்க, பந்துக்குப் பதிலாக இருக்கும் வட்டைக் கடத்திக் கொடுத்தாலும் ஒரு புள்ளி.

சில நாள்களுக்குள் ஒருவருடைய திறமை நான்கு மடங்காகிவிட முடியாது. அப்படியானால் மாறியது எது?

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் இன்று 32 அணிகள் இருக்கின்றன. அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளலாம். வீரரின் ஒப்பந்தமும் சம்பளமும் அப்படியே அவருடன் புதிய அணிக்குப் போய்விடும். ஒப்பந்தத்தில் தனி நிபந்தனை எழுதி வாங்கியிருந்தால் ஒழிய, போக விருப்பமா என்று அவரை யாரும் கேட்க வேண்டியதில்லை. பென்னட்டைப் பொறுத்தவரை, மாற்றம் வேண்டும் என்று அவருடைய முகவரே சில மாதங்களுக்கு முன்பு வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்.

அவர் ஏன் போக விரும்பினார் என்பதற்கு விடை ஆட்ட நேரத்தில் இருக்கிறது. ஓர் அணியில் ஒரு போட்டிக்கு 12 முன்கள வீரர்கள் இறங்குவார்கள். மூவர் மூவராக நான்கு வரிசைகள். இந்த விளையாட்டில் ஓடும் வேகத்துக்கு யாராலும் தொடர்ந்து ஆட முடியாது; முக்கால் நிமிடம் ஆடிவிட்டு வெளியே வந்து உட்கார, அடுத்த வரிசை உள்ளே போகும். முதல் வரிசைக்காரருக்கு 60 நிமிடத்தில் 20 நிமிடம் வரை கிடைக்கும். நான்காம் வரிசைக்காரருக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. நேரம் மட்டுமல்ல, நேரத்தின் தரமும் வேறு. எதிரணியில் ஒருவர் தவறு செய்து இரண்டு நிமிடம் வெளியே அமர்த்தப்படும்போது வரும் பவர் பிளேயில்தான் கோல் அடிப்பது எளிது. அந்த இரண்டு நிமிடம் பெரும்பாலும் முதல் இரண்டு வரிசைக்காரர்களுக்கே போகும். ஆக, கீழ் வரிசையில் இருப்பவருக்குக் கிடைப்பதே குறைவு; கிடைப்பதும் கடினமான நிமிடங்கள்.

இதில் ஒரு நச்சுச் சுழல் உண்டு. நேரம் குறைந்தால் புள்ளி குறையும். புள்ளி குறைந்தால் பயிற்சியாளரின் நம்பிக்கை குறையும். நம்பிக்கை குறைந்தால் நேரம் இன்னும் குறையும். பென்னட் 2014ஆம் ஆண்டுப் புதுமுகத் தேர்வில் நான்காவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இயல்பில் சென்டர், அதாவது வரிசையின் மூவரில் நடுவில் ஆடுபவர். கால்கரியில் அந்த இடத்தை ஷான் மோனஹன், மிகேல் பேக்லண்ட், எலியாஸ் லிண்ட்ஹோம் ஆகியோர் பிடித்திருந்தார்கள். பென்னட் பெரும்பாலும் ஓரத்துக்கும் கீழ் வரிசைக்கும் தள்ளப்பட்டார். ஓர வீரர் களத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரை ஒட்டியே நின்று போராட வேண்டும். சென்டருக்குக் களம் முழுக்கத் திறந்திருக்கும். ஃபுளோரிடா அவரை இரண்டாம் வரிசையின் சென்டராக நிறுத்தி, அப்போது லீகின் மிகச் சிறந்த பாஸ் கொடுப்பவர்களில் ஒருவராக இருந்த ஜோனதன் ஹ்யூபர்டோவைப் பக்கத்தில் கொடுத்தது. ஒரு பரிமாற்றம் செய்யும் முதல் வேலை, எனக்குத் தெரிந்தவரை மிக முக்கியமான வேலை, இதுதான்: சுழலை அறுத்துவிடுகிறது. புதிய பயிற்சியாளருக்குப் பழைய சலிப்பு கிடையாது.

பக்கத்தில் யார் ஆடுகிறார் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னும் தெளிவான சான்று டிலன் ஸ்ட்ரோம். 2015 தேர்வில் கானர் மெக்டேவிட், ஜாக் ஐக்கல் ஆகிய இருவருக்கும் அடுத்து மூன்றாவதாக அரிசோனா கயோட்டீஸ் அவரை எடுத்தது. அந்த இருவரும் உடனே ஒளிர, ஸ்ட்ரோம் தடுமாறினார். 21 வயதில் அவரைத் தோல்வி என்று முத்திரை குத்திவிட்டார்கள். இந்தப் பழக்கத்தை என்னால் ஏற்க முடிவதில்லை. 21 வயதில் ஒருவருடைய உடலே முழுதாக வளர்ந்து முடிந்திருக்காது. 2018 நவம்பரில் நிக் ஷ்மால்ட்ஸை வாங்கிக்கொண்டு, ஸ்ட்ரோமையும் இன்னொருவரையும் சிகாகோ பிளாக்ஹாக்ஸுக்கு அரிசோனா அனுப்பியது. அரிசோனாவில் 20 ஆட்டங்களில் 6 புள்ளிகள் எடுத்திருந்த ஸ்ட்ரோம், சிகாகோவில் 58 ஆட்டங்களில் 51 புள்ளிகள் எடுத்தார்.

சிகாகோவில் அவருக்காக ஒரு பழைய கூட்டாளி இருந்தார். ஸ்ட்ரோமும் அலெக்ஸ் டெப்ரின்கட்டும் இளையோர் லீகில் ஈரி ஆட்டர்ஸ் அணிக்காகச் சேர்ந்து ஆடியவர்கள். இந்தக் கூட்டு வேலை செய்வதில் மந்திரம் எதுவும் இல்லை. வட்டு ஒருவரிடம் வந்ததும் எதிராளி அவர்மேல் மோதுவதற்குள் முடிவெடுக்கப் பல சமயம் ஒரு நொடிகூடக் கிடைக்காது. தலையை நிமிர்த்தி, சக வீரர் எங்கே என்று தேடி, பிறகு கடத்துவதற்குள் வாய்ப்பு மூடிவிடும். கூட்டாளி எந்தக் கணத்தில் எந்த இடைவெளிக்குள் நுழைவார் என்று முன்பே தெரிந்தவர் அந்தத் தேடலைத் தவிர்த்து, ஆள் வருமுன்பே வட்டை அந்த இடத்துக்கு அனுப்பிவிடுகிறார். மிச்சமாவது அரை நொடிதான். கோலுக்கும் வெறும் முயற்சிக்கும் இடையில் இருப்பதும் பெரும்பாலும் அதுதான். அந்தப் பருவத்தில் டெப்ரின்கட் 41 கோல்கள் அடித்தார்.

இனி, பரிமாற்றக் கதைகளைச் சொல்லும்போது பலரும் விட்டுவிடும் பகுதிக்கு வருவோம். முன்கள வீரர்கள் அடிக்கும் ஷாட்டுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று கோலாகிறது. திறமை குறையாத ஒரு வீரர் 40 ஷாட்டுகள் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு கோல்களை எதிர்பார்க்கலாம். ஆனால் கம்பத்தில் பட்டுத் தெறிப்பதும் யாரோ ஒருவருடைய மட்டையில் உரசித் திரும்புவதும் தற்செயல்தான். கணக்குப் போட்டால், அந்த 40 ஷாட்டுகளில் ஒரே ஒரு கோலோ, அதுகூட இல்லாமலோ முடிவதற்கு நூற்றில் எட்டு வாய்ப்பு இருக்கிறது. 32 அணிகளில் அணிக்கு 12 பேர் என 384 முன்கள வீரர்கள். எல்லோரும் ஒரே திறமை உள்ளவர்கள் என்று கொண்டாலும், எந்தக் குறையும் இல்லாமலே அவர்களில் முப்பது பேர் மோசமாகத் தெரிவார்கள்.

ஓர் அணி ஒரு வீரரைக் கைகழுவுவது பெரும்பாலும் இப்படி அவர் அடிமட்டத்தில் இருக்கும்போதுதான். அதன்பின் அவர் எங்கே ஆடினாலும், பழைய அணியிலேயே இருந்தாலும்கூட, எண்கள் மேலே வரவே வாய்ப்பு அதிகம். சராசரிக்குத் திரும்புதல் என்று புள்ளியியல் சொல்வது இதைத்தான். பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை ஒப்பிட்டு ஃபிரான்சிஸ் கால்டன் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டறிந்தார். ஆகவே பரிமாற்றத்துக்குப் பிந்தைய முதல் பத்து ஆட்டங்களை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. உயர்வு நிலைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பென்னட் அடுத்த பருவத்தில் 28 கோல்கள் அடித்தார். 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் லீகின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை ஃபுளோரிடா வென்றபோது அணியில் இருந்தார். 2025 பிளே-ஆஃபில், அதாவது கோப்பைக்கான இறுதிக்கட்டப் போட்டிகளில், 15 கோல்கள் அடித்து, சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதையும் பெற்றார். அதிர்ஷ்டம் இவ்வளவு காலம் தாங்காது.

கோல்கீப்பர்களின் நிலை இதைவிடக் கொடியது, ஏனென்றால் ஓர் அணியில் அவர்களுக்கு இருப்பது ஒரே இடம். டெவன் டுப்னிக் 2013-14 பருவத்தை எட்மன்டன் ஆயிலர்ஸில் தொடங்கினார். தன்னை நோக்கி வந்த ஷாட்டுகளில் 89.4 சதவீதத்தைத் தடுத்தார். இந்த லீகில் அது வேலையை இழக்கப் போதுமான எண். 2014 ஜனவரியில் நாஷ்வில்லுக்கு மாற்றினார்கள். அங்கே இரண்டே ஆட்டம். பிறகு மான்ட்ரியால் வாங்கி, கீழ்நிலை லீகுக்கு அனுப்பிவிட்டது. அந்தக் கோடையில் அவர் அரிசோனாவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். வட்டு வரும் திசைக்கு முதலில் தலையைத் திருப்பி, உடலை அதன் பின்னால் கொண்டுவரும் உத்தியை அப்போதுதான் கற்றார். முன்னாள் கோல்கீப்பரான ஷான் பர்க் அரிசோனாவில் அவருக்குப் பயிற்சி தந்தார். 2015 ஜனவரி 14 அன்று, வெறும் மூன்றாம் சுற்று வாய்ப்பு ஒன்றுக்கு, மினசோட்டா வைல்ட் அவரை வாங்கியது.

மினசோட்டாவில் கோல்கீப்பர் இடம் காலியாகவே கிடந்தது என்று சொல்லலாம், அணி தோற்றுக்கொண்டிருந்தது. டுப்னிக் தொடர்ந்து 38 ஆட்டங்களில் இறங்கினார். தடுப்பு விகிதம் 93.6. ஓர் ஆட்டத்தில் 30 ஷாட்டுகள் என்று கொண்டால், முன்பு மூன்றுக்கும் மேல் கோல் விட்டவர் இப்போது இரண்டுக்கும் குறைவாக விட்டார். அணி பிளே-ஆஃபுக்குப் போனது. விடாமுயற்சிக்கான மாஸ்டர்டன் விருது அவருக்குக் கிடைத்தது. ஒரே மனிதருக்கு ஒரே ஆண்டுக்குள் நடந்த இந்த மாற்றங்களில் முந்தியவை பலிக்கவில்லை, கடைசியானது பலித்தது. இடையில் உத்தி திருந்தியிருந்தது. வந்து சேர்ந்த இடத்தில் ஆளும் தேவைப்பட்டது. இந்த இரண்டில் ஒன்று இல்லாதிருந்தாலும் மினசோட்டா அவருக்கு இன்னொரு நாஷ்வில்லாகியிருக்கும்.

இவை இல்லாமல் ஊர் மட்டும் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நயில் யாகுபோவ் சான்று. 2012 தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டவர். எட்மன்டனிலிருந்து 2016இல் செயின்ட் லூயிஸுக்குப் போனார். 40 ஆட்டங்களில் 9 புள்ளிகள். பிறகு கொலராடோவில் ஒரு பருவம். அதன்பின் ரஷ்யாவுக்கே திரும்பிவிட்டார்.

ஒரு வீரர் மீண்டால் அவரைக் கொடுத்த அணி ஏமாந்தது என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். ஸ்ட்ரோமுக்கு ஈடாக அரிசோனாவுக்குப் போன ஷ்மால்ட்ஸைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. சிகாகோவில் 23 ஆட்டங்களில் 11 புள்ளிகள் எடுத்திருந்தவர், அரிசோனாவில் 17 ஆட்டங்களில் 14 எடுத்தார். டிசம்பர் முடிவில் காயம் பட்டு, அந்தப் பருவத்தில் அவர் மறுபடி ஆடவே இல்லை. ஆனாலும் மார்ச்சில், அவர் ஆட முடியாமல் இருந்தபோதே, அரிசோனா அவருடன் ஏழு ஆண்டு ஒப்பந்தம் போட்டது.