வெளிநாட்டு மருத்துவப் படிப்பு: ஃபீஸ் கேட்பதற்கு முன் ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேளுங்கள்

நீட் முடிவு வந்த வாரத்திலிருந்தே போன் வர ஆரம்பித்துவிடும். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று நிறைய பெற்றோர். "டாக்டர், ஜார்ஜியா நல்லதா, ரஷ்யா நல்லதா, பிலிப்பைன்ஸ் அனுப்பலாமா?" என்பது முதல் கேள்வி. அப்புறம் ஃபீஸ். அதற்கடுத்து ஹாஸ்டலில் நம்ம சாப்பாடு கிடைக்குமா என்பது. மூன்றும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் பிள்ளை மூன்றாம் ஆண்டுக்கு மேல் எந்த ஆஸ்பத்திரியில், என்ன மொழி பேசும் நோயாளியிடம், எத்தனை மாதம் பயிற்சி பெறப்போகிறான் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கே ஹவுஸ் சர்ஜனாக வருபவர்களுக்குப் பொது மருத்துவ வார்டில் சொல்லித்தருவது என் வேலைகளில் ஒன்று. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

ஏன் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க, வயிற்றின் வலது கீழ்ப்பக்கத்தில் கையை வைத்து, நோயாளி மூச்சு இழுக்க இழுக்க, இடது விலாவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர வேண்டும். வெளிநாட்டில் படித்து வந்த ஒரு தம்பி நேராக இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "ஒன்றும் தட்டுப்படவில்லை சார்" என்றார். அந்த நோயாளிக்கு மண்ணீரல் தொப்புளைத் தாண்டி இறங்கியிருந்தது. அவர் கை மண்ணீரலின் மேலேயேதான் இருந்தது. ஓரம் வெகு கீழே இருந்ததால் விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. மண்ணீரல் எதனால் வீங்கும் என்று கேட்டேன். பதினைந்து காரணங்களை வரிசை மாறாமல் சொன்னார். நல்ல பையன், நன்றாகப் படித்தவர். அவருடைய கிளினிக்கல் ஆண்டுகளில் பெரும்பகுதி இருபது பேர் ஒரு கட்டிலைச் சுற்றி நிற்க, பேராசிரியர் பேச, மாணவர்கள் வேடிக்கை பார்ப்பதாகவே போயிருக்கிறது. கை வைத்துப் பார்க்க முறை வரவே இல்லை.

இதில் மொழிக்குப் பெரிய பங்கு உண்டு. ஜார்ஜியாவிலும் ரஷ்யாவிலும் வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம், ஆனால் திபிலிசியில் வார்டில் படுத்திருக்கும் பாட்டி ஜார்ஜிய மொழியில்தான் பேசுவார். ரஷ்யாவில் ரஷ்ய மொழி. "எப்போதிலிருந்து வலி? சாப்பிட்டால் கூடுகிறதா, குறைகிறதா? முதுகுப் பக்கம் போகிறதா?" என்று நாமே கேட்டு, பதிலில் இருந்து அடுத்த கேள்வியைப் பிடிப்பதுதான் நோயறியும் கலையில் பாதி. மொழி தெரியாத மாணவருக்கு இந்தப் பாதி கிடைப்பதே இல்லை. ரஷ்யாவில் படித்துவிட்டு வந்த ஒரு பெண், முதல் இரண்டு ஆண்டுகளிலேயே ரஷ்ய மொழியை முனைந்து கற்றுக்கொண்டவர். "க்தே பலீத்?", அதாவது எங்கே வலிக்கிறது என்று கேட்டுக் கேட்டே வார்டில் வளர்ந்திருக்கிறார். இங்கே வந்த முதல் வாரத்திலேயே அவர் எழுதிய கேஸ் ஷீட்டில் நான் திருத்த அதிகம் இருக்கவில்லை. ஆகவே ஒரு நாட்டை மொத்தமாக நல்லது, கெட்டது என்று நான் சொல்வதில்லை.

சரி, பட்டத்துக்கு வருவோம். தேசிய மருத்துவ ஆணையம் (என்.எம்.சி.) 2021 நவம்பரில் கொண்டுவந்த விதிகள்தான் இன்று அடிப்படை. அந்த மாதம் 18-ஆம் தேதிக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குக் குறைந்தது 54 மாதப் படிப்பு வேண்டும். அதற்கு மேல் 12 மாத இன்டர்ன்ஷிப்பை அதே வெளிநாட்டுக் கல்லூரியில் முடிக்க வேண்டும். பயிற்றுமொழி ஆங்கிலம். படித்த நாட்டில், அந்நாட்டுக் குடிமகனுக்குக் கிடைப்பதற்கு ஈடான உரிமம் பெறும் தகுதி இருக்க வேண்டும். ஊருக்குத் திரும்பி, வெளிநாட்டில் படித்தவர்களுக்கான ஸ்கிரீனிங் தேர்வு எழுதி, இங்கேயும் 12 மாத இன்டர்ன்ஷிப். சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் எல்லாம் முடிய வேண்டும். முக்கியமாக, படிப்பும் பயிற்சியும் முழுக்க அதே கல்லூரியில், அதே நாட்டில் நடந்திருக்க வேண்டும். பாதி அங்கே, பாதி இங்கே என்பது செல்லாது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் சில வழிகள் எங்கே இடிக்கின்றன என்று தெரியும். பிலிப்பைன்ஸில் அமெரிக்க முறை. முதலில் ஒரு பி.எஸ். (இளங்கலை அறிவியல்) பட்டம், அதன் பிறகுதான் எம்.டி. அந்த எம்.டி. வழக்கமாக நான்கே ஆண்டு, கடைசி ஆண்டு வார்டுப் பயிற்சியான கிளார்க்‌ஷிப். நான்கு ஆண்டு என்றால் 48 மாதம். பி.எஸ். காலத்தையும் சேர்த்துக் கணக்குக் காட்டினார்கள், ஆனால் பி.எஸ். மருத்துவப் படிப்பு ஆகாது என்று ஆணையம் சொல்லிவிட்டது. போதாததற்கு, அந்நாட்டின் 1959-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம் மருத்துவர் தேர்வு எழுத அந்நாட்டுக் குடியுரிமையையோ, இரு நாடுகளுக்கிடையே பரஸ்பர ஏற்பாட்டையோ நிபந்தனையாக வைத்தது. உரிமம் பற்றிய விதி அங்கே இடித்தது.

கரீபியன் தீவுக் கல்லூரிகளின் வழி வேறு. கிரெனடாவில் 1976-இல் தொடங்கிய செயின்ட் ஜார்ஜ்ஸ் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படைப் பாடங்கள் தீவில். பிறகு மருத்துவம் 12 வாரம், அறுவை 12 வாரம், குழந்தை மருத்துவம், மகப்பேறு, மனநலம் தலா 6 வாரம் என்று கிளினிக்கல் சுற்றுகள் அமெரிக்க, பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகளில். அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு (பட்டத்துக்குப் பிறகான சிறப்புப் பயிற்சிக்கு) போக நினைப்பவருக்காகவே வகுத்த பாதை அது. அந்த நோக்கத்துக்கு நல்ல பாதைதான். ஆனால் ஊருக்குத் திரும்பி வேலை பார்க்க நினைக்கும் பிள்ளைக்கு, பயிற்சி வேறு நாட்டில் நடந்தது என்ற ஒரே காரணம் போதும், கதவு மூடிவிடும். மலேசியாவில் 1992-இல் தொடங்கிய ஐ.எம்.யு. என்ற மருத்துவப் பல்கலைக்கழகத்திலும் இதே போன்ற பிரிவு உண்டு: முதல் இரண்டரை ஆண்டு கோலாலம்பூரில், பிறகு வெளிநாட்டுக் கூட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம், அல்லது சிரம்பானில் இருக்கும் அவர்களுடைய கிளினிக்கல் வளாகத்திலேயே தொடரலாம். மலேசிய மாணவருக்கு இரண்டும் நல்ல வாய்ப்புகள். இந்தியா திரும்ப நினைப்பவர் முதல் வழியைத் தொடக்கூடாது. எந்த நாட்டில் டாக்டராக வாழப்போகிறோம் என்பதைத் தீர்மானித்த பிறகுதான் பாதையைத் தேர்ந்தெடுக்க முடியும்.

ஏஜென்ட் கொடுக்கும் நோட்டீஸில் "என்.எம்.சி. அங்கீகாரம் பெற்றது" என்று பெரிதாகப் போட்டிருக்கும். ஆணையம் எந்த வெளிநாட்டுக் கல்லூரிக்கும் அப்படி அங்கீகாரம் கொடுப்பதில்லை. உலக மருத்துவக் கல்லூரிகளின் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பார்கள். அந்தப் பட்டியலில் இருப்பது அங்கீகாரம் ஆகாது என்று பட்டியலை நடத்துபவர்களே சொல்லியிருக்கிறார்கள். "நேரடி எம்.டி., எம்.பி.பி.எஸ்ஸை விடப் பெரியது" என்பதும் பொய். அங்கே எம்.டி. என்பது நம்முடைய எம்.பி.பி.எஸ். மாதிரி முதல் மருத்துவப் பட்டம்தான்.

ஸ்கிரீனிங் தேர்வைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். 300 கேள்விகள், 150 எடுத்தால் தேர்ச்சி, ஆண்டுக்கு இரண்டு முறை. எழுதுபவர்களில் பெரும்பாலானோர் தேறுவதில்லை என்பது உண்மை. என் கவலை தேறியவர்களைப் பற்றியும்தான். அது முழுக்க விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. கோச்சிங் சென்டரில் ஓராண்டு உட்கார்ந்தால் தேறிவிடலாம், ஒரு வயிற்றையும் தொடாமலே. கொரோனாவாலும் உக்ரைன் போராலும் கடைசி ஆண்டில் ஊர் திரும்பி, 2022 ஜூன் 30-க்குள் பட்டம் வாங்கியவர்களுக்கு ஆணையம் ஓராண்டுக்குப் பதில் இரண்டாண்டு இன்டர்ன்ஷிப் போட்டது. அப்போது மாணவர்கள் மிகவும் வருந்தினார்கள். அவர்களுடைய வருத்தம் புரிகிறது, வயதும் கடனும் ஏறிக்கொண்டிருந்தன. ஆனாலும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். வார்டில் விட்டுப்போனதை வார்டில்தான் ஈடுகட்ட முடியும்.

அப்படியானால் சேருமுன் என்ன செய்வது? செமஸ்டர் வாரியான பாடத்திட்டத்தை எழுத்தில் வாங்குங்கள். இன்டர்ன்ஷிப்பைச் சேர்க்காமல் 54 மாதம் வருகிறதா என்று நீங்களே எண்ணுங்கள். எந்த ஆஸ்பத்திரி, அது கல்லூரிக்குச் சொந்தமானதா, ஒப்பந்தமா, ஒரு கட்டிலுக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். பிறகு ஏஜென்ட் அறிமுகப்படுத்தாத ஒரு கடைசி ஆண்டு மாணவரைத் தேடிப் பிடித்து இப்படிக் கேளுங்கள்: "போன வாரம் எந்த நோயாளியிடம் நீங்களே பேசி நோய் வரலாறு எடுத்தீர்கள்? என்ன மொழியில்? அன்று நீங்கள் கை வைத்துப் பார்த்தது என்ன?" அவர் தயங்காமல் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நல்ல அறிகுறி. கட்டடத்தைப் பற்றியும் பனியைப் பற்றியும் பேசினால் அந்தக் கல்லூரி வேண்டாம்.

ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு: இப்போது முதல் அல்லது இரண்டாம் ஆண்டில் இருந்தால், உள்ளூர் மொழியை ஒரு பாடமாகவே எடுத்துப் படியுங்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது தெரிந்த டாக்டரின் ஓ.பி.யில் அனுமதி கேட்டுப் போய் நில்லுங்கள். அது எந்தக் கணக்கிலும் சேராது, பரவாயில்லை, கண்ணுக்கும் காதுக்கும் பயிற்சி. வார்டில் செய்த ஒவ்வொன்றையும் லாக் புக்கில் தேதியோடு எழுதி அன்றன்றே கையெழுத்து வாங்குங்கள். பாஸ்போர்ட்டில் போன தேதி, வந்த தேதி முத்திரைப் பக்கங்களையெல்லாம் நகல் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். பதிவுக்குப் போகும்போது, அங்கே நேரில் இருந்து படித்தீர்களா என்று மருத்துவக் கவுன்சில் அவற்றை வைத்துத்தான் பார்க்கும்.