மறுப்பு யார் வாயிலிருந்து வருகிறது?

2023 மார்ச் முதல் வாரத்தைத் திருப்பூரில் பனியன் கம்பெனிகளோடு தொடர்புள்ள யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் சுற்றின. பீகார் சட்டமன்றம் வரை விஷயம் போனது. மார்ச் 2ஆம் தேதியே அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கம் கொடுத்தார். பரவிய இரண்டு வீடியோக்களில் ஒன்று பீகார் தொழிலாளர்களே இரு கோஷ்டியாக மோதிக்கொண்டது, மற்றது கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை என்று தெளிவாகச் சொன்னார்.

நான் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன், தொழிலாளர் விடுதியும் என் பொறுப்புதான். அந்த விளக்கம் எங்கள் விடுதியில் யார் பயத்தையும் குறைக்கவில்லை. வதந்தி வந்தது தம்பியிடமிருந்து, மாமனிடமிருந்து. மறுப்பு வந்தது ஒரு போலீஸ் அதிகாரியிடமிருந்து. ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கிறவர் இந்த இருவரில் யாரை நம்புவார்?

உண்மையில் பயம் அதிகம் இருந்தது இங்கே அல்ல, அவர்களின் ஊர்களில். ஓவர்லாக் டெய்லர் ஒருவர், வயது இருபதைத் தாண்டியிருக்காது, "இங்கே ஒன்றும் நடக்கவில்லை" என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா நம்பவில்லை. முதலாளி பக்கத்தில் நின்று அப்படிச் சொல்லச் சொல்கிறார் என்று நினைத்து அழுதார். கடைசியில் அந்தப் பையன் வீடியோ காலில் போனைத் திருப்பிப் பிடித்தபடி தெருவில் இறங்கி நடந்தார். வழக்கமாக டீ குடிக்கும் கடை, ரீசார்ஜ் கடை, அங்கே நின்றிருந்த உள்ளூர்க்காரர்கள் எல்லோரையும் காட்டினார். அப்புறம்தான் அழுகை நின்றது.

அந்த வாரம் நிலைமை தணிந்ததற்கு ஏதோ ஒரு துறையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. போலீஸ் உதவி எண்களைக் கொடுத்தது. பீகார் அரசு நான்கு பேர் கொண்ட அதிகாரிகள் குழுவை அனுப்பியது. அதன் தலைவர் பாலமுருகனுக்குத் தமிழும் தெரியும் என்பது பெரிய உதவி. ஏற்றுமதியாளர்கள் தொழிலாளர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். உண்மை சரிபார்க்கும் பத்திரிகையாளர்கள் ஒவ்வொரு வீடியோவாக எடுத்து, இது ராஜஸ்தான் ஜோத்பூரில் நடந்த கொலை, இது வேறு ஊர் என்று பிரித்துக் காட்டினார்கள். மார்ச் 8 ஹோலி. வருடா வருடம் அந்தச் சமயத்தில் ரயில்கள் நிரம்பி வழியும். அந்தக் கூட்டத்தைப் படம் பிடித்து 'தப்பி ஓடுகிறார்கள்' என்று போட்டபோது, இது பண்டிகைக் கூட்டம் என்று விளக்க ஊர் நிலவரம் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள்.

ஆனால் இத்தனை பேரும் ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்தது தீப்பற்றிய பிறகுதான். அதுதான் என் கவலை. தமிழக அரசு அதே ஆண்டு தகவல் சரிபார்ப்பகத்தை அமைத்தது. வரவேற்கிறேன். ஆனால் அது சொல்லும் செய்தி ஒரு தொழிலாளியின் போனுக்குள், அவருடைய மொழியில், அவர் நம்பும் ஆள் வழியாகப் போக வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் அவரை அழைத்து வந்த ஏஜென்ட், இந்தி பேசும் மளிகைக்கடைக்காரர், இங்கே அரசுப் பள்ளியில் படித்துத் தமிழும் இந்தியும் பேசுகிற அந்தத் தொழிலாளியின் மகள். இவர்களை எந்தக் கூட்டத்துக்கும் யாரும் கூப்பிடுவதில்லை.

எங்கள் நிறுவனத்தில் இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. விளக்கும்போதே போனைப் பற்றியும் பேசுகிறோம். வாட்ஸ்அப்பில் ஒரு செய்திக்கு மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று காட்டுகிறோம். வீடியோவை நிறுத்தி, பின்னால் தெரியும் கடைப் பலகையையும் வண்டி நம்பர் பிளேட்டையும் பார்க்கச் சொல்கிறோம். தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் பஸ் பலகையில் தினமும் பார்த்து அதன் எழுத்து எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். 'தமிழ்நாடு' என்று வந்த ஒரு வீடியோவில் பலகை முழுக்க இந்தி எழுத்து இருந்ததைக் கண்டுபிடித்தவர் பள்ளிப் படிப்பை முடிக்காத ஒரு செக்கிங் தொழிலாளிதான்.

இதைத் தொழிலாளர்களுக்கு மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தக் கூடாது. வடமாநிலத்தவர் குழந்தை கடத்துகிறார்கள், திருடுகிறார்கள் என்று வரும் வீடியோக்களைப் பகிர்வது நம் ஆட்கள்தான். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியைக் குழந்தை கடத்த வந்தவர் என்று எண்ணி அடித்தே கொன்றார்கள். அவர் வடநாட்டுக்காரர்கூட இல்லை, சென்னையைச் சேர்ந்தவர். வதந்தி எந்தப் பக்கம் தொடங்கினாலும் கடைசியில் கையில் கிடைப்பவர்தான் பலி.

அதனால் மற்ற நிறுவனங்களிலிருந்து கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் வகுப்பை சூபர்வைசர்களுக்கும் செக்யூரிட்டிகளுக்கும் எடுங்கள். அடுத்து ஏஜென்ட்களையும் பக்கத்து அரசுப் பள்ளியின் தலைமை ஆசிரியரையும் காவல் நிலையத்திலிருந்து ஒருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, ஒருவர் எண்ணை ஒருவர் வாங்கிக்கொள்ளச் செய்யுங்கள். ஹோலிக்கு ஒரு மாதம் முன்பே இதை முடித்துவிடுங்கள்.