இலை மஞ்சளானதும் பசளையைத் தேடாதீர்கள்

"பொன்சாய் இலை மஞ்சளாகிறது, என்ன பசளை போடலாம்?" திருகோணமலையில் என் நாற்றுப்பண்ணைக்கு வருபவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். அப்படிக் கொண்டுவரப்படும் இந்தச் சாடிக் குறுமரங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பசளை தேவையே இல்லை. வேர் அழுகத் தொடங்கிய ஓர் ஆலுக்கு யூரியா இட்டிருப்பதைக் காணும்போது மனம் பதறுகிறது. உறிஞ்ச முடியாத வேரை அந்தப் பசளை மேலும் கருக்கிவிடும்.

முதலில் எந்த இலை நிறம் மாறியது என்று பாருங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் ஒரே சீராக வெளிறினால் நைதரசன் குறைந்திருக்கலாம். மரம் பழைய இலையிலிருந்து அதை எடுத்துத் தளிருக்குக் கொடுத்துவிடும். இரும்பு அப்படி எளிதில் இடம்பெயராது. ஆகவே தளிர் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறைபாட்டைச் சந்தேகியுங்கள்.

கடலோர ஊர்களான உப்புவெளி, நிலாவெளிப் பக்கமிருந்து வரும் மரங்களில் நான் அடிக்கடி காண்பது இந்த இரண்டாவது வகை. மண்ணில் இரும்பு இருக்கும். ஆனால் சுண்ணாம்பு கலந்த கிணற்றுத் தண்ணீர் மண்ணைக் காரமாக்கிவிடுவதால் வேரால் அதை எடுக்க முடியாது. சாடியின் விளிம்பில் வெள்ளைப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் உவராகவும் இருந்தால் இலைகளின் நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகும். சேமித்த மழைநீரை அடித்துளைகளால் தாராளமாக வடியும்வரை ஊற்றி, சற்றுப் பொறுத்து மீண்டும் ஊற்றுங்கள். உப்பு கரைந்து வெளியேறும். தளிர் அப்போதும் தெளியாவிட்டால் மட்டும் வேர் எளிதில் உறிஞ்சும் வடிவிலுள்ள கீலேட் இரும்பைப் பொதியில் சொன்ன அளவில் கொடுங்கள்.

ஓரம் கருகுவதற்குத் தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்றும் காரணமாகலாம். வைகாசி முதல் ஆவணி வரை அது வீசும்போது, காலையில் ஊற்றிய தண்ணீர் ஆழமில்லாத சாடியில் மதியம்வரைகூட நிற்பதில்லை. மரத்தை வீட்டின் கிழக்குச் சுவரோரம் வையுங்கள். காலை வெயில் கிடைக்கும், காற்று மறையும்.

மாரியில் நிலைமை நேரெதிர். இலை வாடாமலே மஞ்சளாகி உதிர்ந்து, மண்ணும் நாறினால் வேர் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். சாடியைக் கூரைக்கடியில் வைத்து, ஒரு பக்கம் கட்டையால் உயர்த்துங்கள், நீர் வடிந்துவிடும். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் உலர்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள்.

இலையில் நுண்ணிய வெளிர்புள்ளிகள் தெரிந்தால் வெள்ளைத் தாளின் மேல் கிளையைத் தட்டுங்கள். ஊரும் புள்ளிகள் விழுந்தால் அவை சிலந்திப்பேன்கள். இலைகளின் அடிப்பக்கத்தை நீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

அரச மரத்தின் செம்புநிறத் தளிர் நோயல்ல. அதன் இயல்பே அது. தளிர்க்கும் முன் முதிர்ந்த இலைகளை உதிர்ப்பதும் அப்படியே.

நலிந்த மரத்தைக் கத்தரிக்கவோ வடிவமைக்கக் கம்பி சுற்றவோ வேண்டாம். கருகிய ஓரம் மீண்டும் பச்சையாகாது. புதிதாக வரும் இலைகளைக் கவனியுங்கள். அவையும் நிறம் மாறினால் மரத்தைக் கொண்டுவாருங்கள், கூடவே நீங்கள் ஊற்றும் தண்ணீரில் ஒரு போத்தலும்.