வில்லங்கச் சான்றில் வராத பூனை

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஓர் ஓட்டு வீடு விலைக்கு வந்தது. முன்கட்டு மங்களூர் ஓடு, பின்கட்டு தளம் போட்டது, ரெட் ஆக்சைடு தரை. அக்கா மகனுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ஒரே சிக்கல், பூனை பக்கத்தில் வந்தால் அவனுக்குத் தும்மலில் தொடங்கி இழுப்பில் போய் முடியும். அதனால் வீட்டுக்காரப் பாட்டியிடம் கேட்டேன்: “பூனை வளர்த்தீங்களாம்மா?”

“பூனையெல்லாம் வளர்க்கல தம்பி. எலிக்கு அதுவா வரும், அதுவா போகும்.”

பரணில் ஏறிப் பார்த்தேன். பழைய கேழ்வரகுச் சாக்குகள். அதில் ஒன்றின் நடுவே வட்டமாக ஒரு குழி. குட்டி போட்ட இடம். நம் ஊரில் பூனையை யாரும் ‘வளர்ப்பதில்லை’. அது வீட்டில் இருக்கும், அவ்வளவுதான். முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்தாலும் இந்த வில்லங்கம் அதில் வராது.

பூனை முடிதான் அலர்ஜி தருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். முடி வெறும் வண்டி. அதில் சவாரி செய்வது ‘ஃபெல் டி 1’ என்ற புரதம். பூனையின் தோலில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளிலும் எச்சிலிலும் அது உண்டாகிறது. பூனை நாள் முழுக்க உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும். எச்சில் காய்ந்து, செதிலாகி, பொடியாக உதிர்கிறது. காயடிக்காத கடுவனிடம் இது இன்னும் அதிகம். நாய்க்கும் இதே மாதிரி எச்சிலிலும் தோல் பொடியிலும் வரும் புரதங்கள் உண்டு. முடி கொட்டாத இனம், அலர்ஜியே வராது என்று ஓசூர், பெங்களூரு பக்கம் விலை ஏற்றி விற்பதை நம்பிவிட வேண்டாம்.

அந்தப் பொடியின் அளவில்தான் விஷயமே இருக்கிறது. மெத்தையில் வாழும் தூசிப் பூச்சியின் கழிவும் அலர்ஜி தரும்; அது சுமார் 20 மைக்ரான் பருமன் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அசையாத காற்றில் ஆள் மூக்கு உயரத்திலிருந்து இரண்டொரு நிமிடத்தில் தரைக்கு வந்துவிடும். பூனைப் புரதத்தைச் சுமக்கும் துகள்களில் கணிசமான பங்கு 5 மைக்ரானுக்கும் கீழே. பருமன் பத்தில் ஒன்றானால் விழும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். 2 மைக்ரான் துகள் அதே உயரத்திலிருந்து இறங்க மூன்று மணி நேரம் பிடிக்கும்; அதற்குள் யாராவது மின்விசிறியைப் போட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. இவ்வளவு சின்னது மூக்கோடு நிற்காது, நுரையீரலின் சின்னக் குழாய்கள் வரை போகும். இழுப்பு வருவது அதனால்தான்.

போதாக்குறைக்கு ஒட்டும் குணம் வேறு. சுவர், திரை, சோபா, சட்டை எதையும் விடாது. பூனையே இல்லாத வீடுகளிலும் பள்ளி வகுப்பறைகளிலும் இந்தப் புரதம் கிடைத்திருக்கிறது. பூனை வைத்திருப்பவர்களின் துணியில் ஏறிப் போனது. பூனை குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏழு வீடு மாறும் என்பார்கள். இது அதையும் மிஞ்சிவிட்டது.

உடம்புக்குள் நடப்பது இன்னொரு கதை. அலர்ஜி உள்ளவரின் உடல் இந்தச் சாதுவான புரதத்தை எதிரி என்று தப்பாகப் பதிந்துகொண்டு ‘ஐஜிஇ’ என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. அது மூக்கு, கண், மூச்சுக்குழாயில் காவலுக்கு இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் முள் மாதிரி நட்டுக்கொண்டு காத்திருக்கும். அடுத்த முறை புரதம் வந்து பக்கத்துப் பக்கத்து முட்களை இணைத்ததும், செல் தனக்குள் பொட்டலம் கட்டி வைத்திருந்த ஹிஸ்டமினைக் கொட்டிவிடும். தும்மல், கண் அரிப்பு எல்லாம் சில நிமிடங்களில். ஆனால் நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து இரண்டாவது அலை ஒன்றும் வரலாம். வீடு பார்க்கப் போய்ப் பத்து நிமிடம் நின்று ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று அட்வான்ஸ் கொடுப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மோந்து பார்த்தும் பயனில்லை. மூத்திர வாடை வேறு, இந்தப் புரதம் வேறு. புரதத்துக்கு வாடையே கிடையாது.

பூனை போன பிறகு எத்தனை நாள் இருக்கும்? அமெரிக்காவில் 1989-ல் வெளியான ஓர் ஆய்வில், பூனையை வெளியேற்றிய பல வீடுகளில் அளவு பூனை இல்லாத வீட்டு நிலைக்கு இறங்க 20 முதல் 24 வாரம் ஆனது. கம்பளத்தையும் துணி இருக்கைகளையும் அப்புறப்படுத்திய இடங்களில் சீக்கிரமே இறங்கியது. அதற்காகச் சாக்கைப் பரணிலேயே விட்டுப் பூட்டிவைத்தால் ஐந்து மாதம் போவதுதான் மிச்சம்.

இதில் பழைய ஓட்டு வீட்டுக்கு ஒரு லாபம் உண்டு. ஓட்டுச் சந்து வழியாகக் காற்று ஓடிக்கொண்டே இருக்கும், தரையைத் துடைத்தால் சுத்தம். மார்கழிக் குளிருக்கு ஜன்னலைச் சாத்தி வைத்த ஓசூர் அடுக்குமாடி வீடு, அதில் கம்பளமும் ஏசியும் என்றால்தான் எனக்குப் பயம்.

முதலில் தோல் பரிசோதனை செய்துவரச் சொன்னேன். ஓட்டு வீட்டில் கரப்பான், தூசிப் பூச்சி எல்லாம் உண்டு. வெளியே பார்த்தீனியம் வேறு. எதற்கு இழுக்கிறது என்று தெரியாமல் பூனை மேல் மட்டும் பழி போடக் கூடாதல்லவா. பூனைதான் என்று உறுதியானது. தை மாதம் பத்திரம் முடிந்தது. சாக்கு, இலவம்பஞ்சுத் தலையணை, பாட்டி ‘வச்சுக்குங்க’ என்று விட்டுப்போன மெத்தை எல்லாம் வெளியே போயின. மருமகனை உள்ளே விடாமல், முகக்கவசம் போட்ட ஆட்களை வைத்துப் பரணிலிருந்து கீழ்நோக்கி ஈரத்துணியால் துடைத்தோம். விளக்குமாற்றுக்குத் தடை, கூட்டினால் துகள் கிளம்பி மறுபடி மூன்று மணி நேரம் மிதக்கும். சாதாரண வேக்குவம் கிளீனரும் அப்படித்தான், முன்னால் இழுத்துப் பின்னால் ஊதும். ஹெப்பா வடிகட்டி உள்ளது வேண்டும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தை அது பிடித்துவிடும். சுவரை நனைத்துச் சுரண்டி, பிரைமர் அடித்து, மேலே பெயின்ட்.

ஆனியிலும் ஆடியிலும் குடிபோகக் கூடாது, ஆவணியில்தான் பால் காய்ச்ச வேண்டும் என்றாள் அக்கா. தையிலிருந்து ஆவணி ஏழு மாதம். புரதத்துக்கும் பஞ்சாங்கத்துக்கும் சம்பந்தமில்லை. கணக்கு மட்டும் ஒத்துப்போனது.

வைகாசியில் ஒருநாள் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வரப் போனேன். பரணில் கடுவன் ஒன்று, சாக்கு இருந்த இடத்தில் உட்கார்ந்து என்னை முறைத்தது. மறுநாளே ஓட்டுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்தில் கோழி வலை அடித்துவிட்டு, பரணை மறுபடி முதலிலிருந்து துடைத்தோம்.