ரூடிமென்ட்: தமிழில் பாடக்கை

அணிவகுப்பில் முழங்கும் டிரம் குழுக்களைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியிலேயே கையைப் பிடித்து நிறுத்தும் ஆங்கிலச் சொல் 'ரூடிமென்ட்'. அகராதியில் 'அடிப்படை', 'தொடக்க அறிவு', 'ஆரம்பப் பாடம்' என்று போட்டிருக்கிறது. மூன்றும் தப்பில்லை. ஆனால் ஒரு டிரம்காரரிடம் போய் "நீங்கள் 40 வருஷமாக ஆரம்பப் பாடம் வாசிக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள், எங்கே உதைக்கிறது என்று தெரியும்.

அடித்தோலின் மேல் கம்பிகள் இழுத்துக் கட்டிய ஸ்னேர் டிரம்மில் இரண்டு குச்சிகளும் எந்த வரிசையில், எந்த உயரத்திலிருந்து விழவேண்டும் என்பதைச் சின்னச் சின்னக் கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு கட்டுதான் ரூடிமென்ட். பாராடிடில் என்பதை எடுத்துக்கொள்வோம். வலது, இடது, வலது, வலது. அடுத்து இடது, வலது, இடது, இடது. நாலு நாலு அடிதான், குழந்தைகூட ஐந்து நிமிஷத்தில் பிடித்துவிடும். சிக்கல் அதற்கு அப்புறம் வருகிறது. ஒரே கையால் அடுத்தடுத்து விழும் இரண்டு அடிகளில் இரண்டாவது தானாகவே மெலியும். குச்சி துள்ளி வந்த வேகத்தில் விழுகிற அடி அது. அதை முதல் அடிக்குச் சமமாக்க விரல்கள் வேலை செய்யவேண்டும். கண்ணை மூடிக் கேட்பவருக்கு எந்த அடி எந்தக் கை என்று தெரியக் கூடாது. இந்த ஒன்றைச் சரிசெய்யவே பலருக்கு வருஷங்கள் போகின்றன.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'ரூடிஸ்' என்றால் பக்குவப்படாதது, செதுக்காதது. அதிலிருந்து 'ரூடிமென்டும்', அதாவது முதல் முயற்சி. முரட்டுத்தனத்தைக் குறிக்கும் ஆங்கில 'ரூட்' இதன் உறவு. கற்றறிந்தவர் என்று பொருள்படும் 'எருடைட்' என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். கரடு நீங்கியவர் என்பது அதன் உட்பொருள். பச்சையாக இருப்பதற்கும் பக்குவப்பட்டதற்கும் ஒரே வேர். எனக்கு இந்தச் சொல்லின் மேல் பிரியம் வந்தது இந்த இடத்தில்தான்.

டிரம்முக்கு இந்தச் சொல் வந்தது பட்டாளத்து வழியாக. எழுப்ப, சாப்பிடக் கூப்பிட, நடக்க, நிறுத்த என எல்லாவற்றுக்கும் டிரம் அடித்த காலம் அது. எந்தப் படைப்பிரிவின் சிறுவன் அடித்தாலும் ஒரே மாதிரி கேட்கவேண்டும் என்றால், அடிகளுக்குப் பொதுப் பெயரும் பொது முறையும் வேண்டுமல்லவா? அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் டிரம் மேஜராக இருந்த சார்லஸ் ஸ்டூவர்ட் ஆஷ்வொர்த் 1812இல் வெளியிட்ட பாடநூல் இந்த வகையில் முக்கியமானது. 1933இல் சிகாகோவில் கூடிய டிரம்காரர்கள் ஒரு தேசியச் சங்கம் அமைத்து 13 ரூடிமென்ட்களைக் கட்டாயம் என்று வகுத்தார்கள். பின்னர் இன்னொரு 13 சேர்ந்து 26 ஆனது. 1984இல் தாளவாத்தியக் கலைஞர்களின் அமைப்பான பெர்கசிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி அதை 40 ஆக விரித்தது. இன்றும் அந்த நாற்பதுதான் பொதுப் பட்டியல்.

1933 சங்கத்தில் சேர ஒரு தேர்வு இருந்தது. 13 கட்டுகளையும் மிக மெதுவாகத் தொடங்கி, படிப்படியாக உச்ச வேகத்துக்குப் போய், மறுபடி அதே போல மெதுவாக இறங்கி வரவேண்டியிருந்தது. வேகத்தில் மறைத்துவிடும் பிசிறெல்லாம் இறக்கத்தில் வெளியே வந்துவிடும். நல்ல ஆசிரியர்கள் இன்றும் மாணவரை இப்படித்தான் சோதிக்கிறார்கள்.

டிரம்மும் பித்தளை ஊதுகருவிகளும் கொண்ட இளைஞர் அணிவகுப்புக் குழுக்களுக்காக 1972இல் முதல் சாம்பியன்ஷிப்பை நடத்திய டிரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பின் போட்டிகளில் நடுவர் அட்டையோடு மைதானத்திலேயே நடந்து, ஒவ்வொரு பிசிறுக்கும் ஒரு கோடு போடுவார். ஒரு கோடு போட்டால் பத்தில் ஒரு மதிப்பெண் போகும். 1984இல் அந்த முறையைக் கைவிட்டு, செய்த சாதனைக்கு மதிப்பெண் ஏற்றும் முறைக்கு வந்தார்கள். நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். பிழைக்குப் பயந்து எளிதாக எழுதுவது குறைந்தது. ஆனால் நடுவர் காது தேடுவது மாறவில்லை. ஃப்ளாம் என்ற கட்டில் ஒரு குச்சி தாழ்வாக இருந்து மயிரிழை முந்தி விழும், மற்றது உயரத்திலிருந்து விழும். ஒன்பது பேர் வரிசையில் ஒருவருடைய தாழ்ந்த குச்சி ஓர் அங்குலம் கூடுதலாக எழும்பினால் போதும், மொத்த வரிசையின் ஒலியும் கலங்கிவிடும். மைதானத்தில் வாசித்து, வயது வரம்பு கடந்ததும் கற்பித்து, தலை நரைத்த பிறகு நடுவராக நிற்கும் ஒருவருக்கு வாழ்நாள் முழுக்கக் கூட வருவது இந்தக் கட்டுகள்தான். கடந்து போய்விடும் படி என்ற பொருள் தரும் 'தொடக்கநிலை' அதனால்தான் இங்கே பொருந்தவில்லை.

நம் கையிலேயே சொல் இருக்கிறது: பாடக்கை. மிருதங்கம் கற்பவர்களுக்குத் தெரிந்த சொல்தான். கையைப் பழக்குவதற்கான பயிற்சிக் கோவைகளைச் சொல்வது. அதில் 'கை' வெளிப்படையாகவே இருக்கிறது. ரூடிமென்ட் கையின் கல்விதானே. 'பாடம்' இன்னும் அழகு. பள்ளிப் பாடம் ஒரு பொருள். தோலைப் பாடம் செய்வது, புகையிலையைப் பாடம் போடுவது இன்னொரு பொருள். பச்சையானதைப் பதப்படுத்திக் கெடாமல் வைப்பது. லத்தீன் வேர் கரடு நீக்குவது என்று சொன்னதைத் தமிழ் தன் போக்கில் சொல்லியிருக்கிறது. இரண்டுக்கும் பிறப்பில் தொடர்பில்லை, கருத்தில் கைகோக்கின்றன, அவ்வளவுதான். 'அடிப்பாடம்' என்றும் சிலருக்குத் தோன்றலாம். அடி என்றால் தட்டுதலும் ஆகும், அடித்தளமும் ஆகும் என்பதால் எனக்கும் ஆசை வந்தது. ஆனால் புழக்கத்தில் ஒன்று இருக்கும்போது புதிதாக ஒன்றைச் செய்வானேன்?

டிரம்முக்கு வெளியே, "ரூடிமென்டரி அறிவு" போன்ற இடங்களில் 'தொடக்கநிலை' என்றே எழுதலாம். டிரம் என்றால் பாடக்கை. "நாற்பது பாடக்கைகள்", "பாடக்கை சுத்தமாக இருக்கிறது" என்று இயல்பாக வருகிறது. பாராடிடில், ஃப்ளாம், ராட்டமக்யூ ஆகிய பெயர்களை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். அவை குச்சி எழுப்பும் ஒலியை வாயால் சொன்ன சொற்கட்டுகள். தகதிமியை யாரும் மொழிபெயர்ப்பதில்லை.